வேண்டி அனுப்புங்கள்

ஒரே ஒரு சொல்லைக் கடதாசித் துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு கிழமை முழுக்கக் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் நீட்டி, "இதுக்கு என்ன கருத்து?" என்று கேட்டுத் திரிந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது, தமிழில் சிறப்புப் பட்டம், பல வருடமாகத் தமிழ் எழுதியே சம்பளம் எடுக்கிறவள். கணவர் இரண்டாம் நாளே, "உதை என்னட்டைக் கேக்க உமக்கு வெக்கமா இல்லையோ?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை எழுதியவளே நான்தான். என்ன கருத்தில் எழுதினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் அதை என்ன கருத்தில் வாசிக்கிறார்கள் என்பதுதான் தெரியாமல் போய்விட்டது.

கண்டி நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளப் பிரிவில் எனக்கு வேலை. கணவரின் இடமாற்றத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் வீடு எடுத்தோம். இடமாற்றக் காலம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இணையத்தளப் பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். மூன்றாம் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, கதவு சாத்த முடியாத ஓர் அலுமாரி, மழைக்காலத்தில் கூரை ஒழுக்குக்கு ஒரு வாளி. ஆங்கிலப் பக்கம் முதலில் வரும். அதைப் பார்த்துச் சிங்களப் பக்கம் வரும். இரண்டையும் பார்த்து நான் தமிழ்ப் பக்கம் எழுத வேண்டும். சில அறிவித்தல்கள் என் மேசைக்கு வந்து சேரும்போது முடிவுத் திகதி போய் இரண்டு நாளாகியிருக்கும். அதையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி ஏற்றுவோம்.

ஏற்றுகிறவர் மற்ற மேசைக்காரர். அக்குறணை ஆள். கணினி சம்பந்தமான எல்லாம் அவர் கையில். வயதில் என்னைவிட இளையவர், வேலையில் எனக்கு மூத்தவர். என் தமிழை அவர் கருத்துக்காக வாசிப்பதில்லை. வரி எங்கே மடிகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் வாசிப்பார். "மிஸ், உங்கட தமிழ் போனுக்குள்ள அடங்குதில்ல. கொஞ்சம் சின்னதா செல்ல ஏலாதா?" என்பார். சொல்ல என்பது அவர் வாயில் 'செல்ல'. நான் சிரிக்க மாட்டேன். தமிழை அளவெடுத்துத் தைக்கச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சல் வரும்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி வந்து எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தார். பல்கலைக்கழக இணையத்தளத்தில் தெளிவாக எழுதுவது எப்படி என்பது விஷயம். மாணவர்கள் உங்கள் பக்கத்தைக் கதிரையில் இருந்து வாசிப்பதில்லை, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்றார். என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள் என்றார். மூச்சு முட்டுகிற வசனத்தை உடையுங்கள் என்றார். எழுதி முடித்ததும் வெளியாள் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக, "உங்கள் வீட்டில் எப்படிக் கதைப்பீர்களோ அப்படி எழுதுங்கள்" என்றார். இதெல்லாம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழ் உதாரணம் ஒன்றுகூட இருக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் நான் எழுதியது எந்த வீட்டிலும் யாரும் கதைக்காத தமிழ் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

பயிற்சி முடிந்த கையோடு விடுதிப் பக்கத்தை எடுத்தேன். முதலாம் வருட மாணவர்கள் விடுதிக்கு விண்ணப்பிப்பது பற்றிய பக்கம் அது. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இடம். அதனால் வீடு எங்கே இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தர் தருகிற கடிதம் கட்டாயம். பழைய வசனம் இப்படி இருந்தது: "விண்ணப்பதாரிகள் தத்தமது பிரிவுக்குரிய கிராம உத்தியோகத்தரிடமிருந்து வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தினைப் பெற்றுக்கொண்டு அதன் பிரதியினை விண்ணப்பப் படிவத்துடன் இணைத்து அனுப்புதல் வேண்டும்." நானே எழுதிய வசனம்தான். அடுத்த பிறவியில் பேயாய்ப் பிறக்க இது ஒன்றே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதை வெட்டினேன். "பெற்றுக்கொண்டு" என்று வீட்டில் யார் கதைப்பது? எங்கள் வீட்டில் கடையில் சீனியும் வேண்டுவோம், விதானையாரிடம் கடிதமும் வேண்டுவோம். காசு கொடுத்து எடுத்தாலும் சும்மா கை நீட்டி எடுத்தாலும் எங்கள் ஊரில் வேண்டுவதுதான். கிராம உத்தியோகத்தரை விதானையார் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு, மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் தவிர்த்து எல்லாரும் சொல்கிற கிராம சேவகரைப் போட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியில் வந்த வசனம் இது: "கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் வேண்டி அனுப்புங்கள்."

ஆறு சொல். பேச்சும் அதுதான், பழந்தமிழும் அதுதான். வெளியாளிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டுமே என்று பின்னேரம் கணவரிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் வாசித்து, "நல்லா விளங்குது" என்றார். அக்குறணைக்காரருக்கும் மகிழ்ச்சி. "மாஷா அல்லாஹ், ஒரே வரில முடிஞ்சி" என்று சொல்லி ஏற்றிவிட்டார். பழைய பக்கம் அழிந்தது.

விண்ணப்ப காலம் முடிந்து இரண்டு கிழமை போயிருக்கும். விடுதிகளுக்குப் பொறுப்பான உதவிப் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சிங்களவர், என்னை எப்போதும் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைப்பார். அவர் மேசையில் பதினொரு விண்ணப்பங்கள் தனியாகக் கட்டி வைத்திருந்தன. எல்லாம் தமிழில். ஒன்றிலும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் இல்லை, அதற்குப் பதிலாக வேறு ஏதோ கடிதம் இருக்கிறது, தன் பிரிவில் தமிழ் வாசிக்க ஆளில்லை, என்னவென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

பார்த்தேன். பதினொன்றும் மாணவர்கள் தங்கள் கையால் எழுதிய கடிதங்கள். "கிராம சேவகர் அவர்களுக்கு, வதிவிடக் கடிதம் வேண்டி" என்று தொடங்கி, இன்ன தேயிலைத் தோட்டத்தில் இன்ன டிவிஷனில் குடியிருக்கிறேன், தயவு செய்து வதிவிடக் கடிதம் தருமாறு தாழ்மையுடன் கேட்கிறேன் என்று முடிந்தன. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட என்று விலாசங்கள். கடிதத்தைக் கேட்டு எழுதியதன் போட்டோப் பிரதியை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கிடைத்த கடிதத்தை ஒருவரும் அனுப்பவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. "எஸ்டேட் பிள்ளைகள், மேடம். வீட்டில் படிவம் நிரப்பிப் பழக்கமில்லை. பாவங்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவரும் தலையாட்டினார். பதினொன்றும் பூரணமற்றவை என்று முடிவானது. "தங்களது விண்ணப்பம் பூரணமற்றதாக இருந்தமையால்" என்று தொடங்குகிற கடிதத்தின் தமிழையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, தெல்தோட்டைப் பக்கமிருந்து ஒரு பிள்ளையும் தாயும் படியேறி வந்தார்கள். விடுதிப் பிரிவில் தமிழில் கதைக்க ஆளில்லை என்று யாரோ எங்கள் அறையைக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் இடம் கிடைத்திருந்தது. தாய் கதிரையில் இருக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் அலுமாரிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"ஹாஸ்டல் இல்லைன்னு கடிதாசி வந்திருக்கு மிஸ்," என்றார் தாய். "தோட்டத்துலருந்து பஸ் ரோட்டுக்கே ஒரு மணித்தியாலம் நடக்கணும். கடைசி பஸ் போயிருச்சுன்னா புள்ள எங்க நிக்கும்? ஹாஸ்டல் இல்லைன்னா அனுப்ப முடியாது மிஸ். தோட்டத்துக் கன்னு நர்சரியில வேல இருக்கு, ஒண்ணாந் தேதி வரச் சொல்லிட்டாங்க."

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நர்சரியில் வேலைக்குப் போவதற்கு மனத்தைப் பழக்கத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"பிள்ளை, உதிலை என்ன செய்யச் சொல்லி இருந்தது? கடிதம் வேண்டி அனுப்பச் சொல்லி இருந்தது. நீர் வேண்டினீரோ?"

"வேண்டினேன் மிஸ்."

"எங்கை, காட்டும்."

தன்னிடமிருந்த பிரதியை நீட்டினாள். அதே கடிதம். அவள் எழுதியது.

"இது நீர் எழுதினது. நான் கேக்கிறது வேண்டின கடிதம்."

"இதான் மிஸ் வேண்டின கடிதம்."

"கிராம சேவகரிட்டை வேண்டினீரோ?"

"அவர்கிட்டதான் மிஸ் வேண்டினேன். ரெண்டு தடவ போயி வேண்டினேன்."

"வேண்டினால் அது எங்கை?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்று முகம் சொன்னது. நானும் பொய் சொல்லவில்லை. கையில் இருக்கிற கடதாசியை வைத்துக்கொண்டே இருவரும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். தமிழில் இருவர் கதைக்க, இருவருக்கும் விளங்காமல் போவது எப்படி?

அக்குறணைக்காரர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "தங்கச்சி, வேண்டினேன் என்டா என்ன செஞ்சீங்க?"

"கேட்டேன் அண்ணே."

"மிஸ், நீங்க வேண்டின என்டு செல்றது?"

"வாங்கினது," என்றேன். சொன்ன வாய் மூடவில்லை.

பிறகு பிள்ளை மெதுவாக, "கிராம சேவகர் லெட்டர் தந்தாரு மிஸ். வீட்டுல ஃபைல்ல இருக்கு," என்றாள். "அவர்கிட்ட கேட்டு எழுதினத அனுப்பணும், மிச்சத்த கெம்பஸ்லருந்து அவர்கிட்டயே பேசிக்குவாங்கன்னு நெனச்சோம். ஆபீசுக்கு ஆபீசு அப்படித்தானே மிஸ் செய்வாங்க? அவரு தந்தத அனுப்பச் சொல்லி இதுல இல்லையே." கைபேசியில் என் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தாள். ஆறு சொல்லையும் எனக்கே காட்டினாள்.

திகதியைக் கேட்டேன். முடிவுத் திகதிக்கு ஐந்து நாள் முன்பே கிராம உத்தியோகத்தர் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். அது ஒழுங்காக வீட்டில் கோப்புக்குள் இருக்கிறது. இந்தப் பிள்ளை செய்யாமல் விட்டது ஒன்றும் இல்லை.

அவர்களைப் பார்த்து, "போட்டு வாங்கோ, நான் கதைச்சுப் பாக்கிறன்" என்று சொல்லி அனுப்பினேன். என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் படியிறங்கிய பிறகு அக்குறணைக்காரர், "நல்ல காலம் மிஸ், 'வாங்கு' என்டு நீங்க எழுதல," என்றார். "எழுதினா எங்கட ஊர்ல பள்ளிவாசல்ல தொழுகைக்கு செல்ற வாங்கு என்டு நெனச்சிருப்பாங்க." எங்கள் வீட்டில் வாங்கு என்றால் நாலு பேர் இருக்கிற மரப்பலகை. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் கடதாசித் துண்டு தொடங்கியது. "வேண்டி" என்று எழுதிக் கணவரிடம் நீட்டினேன். "வாங்கி" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். வங்கியில் அவரோடு வேலை செய்கிற பதுளைக்காரர் "கேட்டு" என்றாராம். திகனவில் நாங்கள் துணி எடுக்கிற கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "துஆ கேக்கிறதா?" என்றார்; அவருக்கு அது பிரார்த்தனை. யாழ்ப்பாணத்திலிருக்கிற தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். "வேண்டி என்றால் வேண்டித்தான். என்னக்கா, சுகமில்லையோ?" என்றாள். ஒரு சொல்லுக்கு இத்தனை வாசல் இருக்குமென்று பட்டப்படிப்பில் படித்திருக்கிறேன். படித்ததற்குப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் இலக்கணப் புத்தகத்தில் அது பரீட்சைக் கேள்வி. இங்கே அது ஒரு பிள்ளையின் கட்டில்.

குழப்பம் தீராமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கோபம். யாரில் என்று தெரியாத கோபம். வீட்டில் கதைப்பது போல எழுதச் சொன்ன கொழும்புப் பெண்மணியில் கோபம். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லையே. அகராதியில் கோபம். கடைசியில் அந்தப் பதினொரு பேரிலும் கொஞ்சம் கோபம்: ஒருவராவது தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கக் கூடாதா? பிறகு பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தேன். தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்தால் சிங்களத்தில்தான் பதில் வரும். கோபம் போய்ச் சேர இடமில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலையில் திருத்திய வசனத்தோடு வேலைக்குப் போனேன். "கிராம சேவகர் தந்த வதிவிடக் கடிதத்தை அனுப்புங்கள்." இதை யாரும் இரண்டு விதமாக வாசிக்க முடியாது என்று பத்துத் தரம் பார்த்திருந்தேன். ஏற்றச் சொல்லி அக்குறணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு விசைப்பலகையில் கை வைக்காமல் இருந்தார்.

"இப்ப மாத்தினா பழசு எங்கயும் ஈக்காது மிஸ்," என்றார். "நாளைக்கி யாரும் வந்து பார்த்தா பக்கம் சரியா ஈக்கும். அந்தப் பிள்ளைகள்தான் பிழையா ஈப்பாங்க."

இதை அவர் குத்திக் காட்டவென்று சொல்லவில்லை. பக்கத்தை ஏற்றுகிறவருக்குப் பழையது எங்கே போகும் என்பது தொழில் விஷயம். எனக்குத்தான் குத்தியது. திருத்துவது சரியான வேலைதானே என்று வந்தவள் நான். அந்தத் திருத்தமே, ஒரு கைபேசிப் படம் போக, அந்தப் பிள்ளைகளுக்கிருந்த ஒரே சாட்சியை அழிக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அப்படியென்றால் பிழையான வசனத்தை விட்டுவைப்பதா? சரியானதைப் போடுவதா? எது நேர்மை? நல்லதைச் செய்யப் போய் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றேன். அவரே பழைய பக்கத்தை அச்செடுத்துத் தந்தார். அதை எடுத்துக்கொண்டு உதவிப் பதிவாளரிடம் போனேன்.

தமிழ் தெரியாத ஒருவருக்கு இதை விளங்கப்படுத்துவதைப் போல ஒரு பாடு கிடையாது. பார்த்து எழுதுகிற சிங்களம் வேறு; நான் கதைக்கிற சிங்களம் கடைக்குப் போய் வரக் காணும், சொல்லாராய்ச்சிக்குக் காணாது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, இந்தச் சொல் பிழையா?"

"பிழையில்லை, மேடம்."

"அப்போ சரி?"

"சரியுமில்லை."

அவர் பேனையை வைத்தார். கோபிக்கவில்லை. "மிஸ், மேன்முறையீட்டுக் குழு வருகிற செவ்வாய் கூடுகிறது," என்றார். "அவர்களுக்கு ஒரு வரி வேண்டும். வசனம் சரியென்றால் பிள்ளைகள் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. வசனம் பிழையென்றால் பல்கலைக்கழகம் பிழையாகச் சொல்லியிருக்கிறது, அவர்களுக்கு இடம் கொடுக்க முடியும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழுவிடம் ஒரு பெட்டி இல்லை. நீங்கள் எழுதித் தாருங்கள்."

அறைக்குத் திரும்பி வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். எழுத வேண்டியது ஒரு சொல். சிங்களத்தில் 'வெரதி'. பிழை. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியது, தமிழ் எழுதத் தெரியாதவள் என்று நானே கையெழுத்து வைத்துக் கொடுக்கிறேன் என்பதும் நினைவில் இருந்தது. ஆனால் உண்மையில் என் கையைப் பிடித்தது அதுவல்ல. என் அம்மா கதைத்த சொல், என் தங்கை நேற்றுக் கதைத்த சொல், இப்போதும் பாண் வேண்டப் போகும்போது என் வாயில் வருகிற சொல். அதைப் பிழை என்று எழுத மனம் வரவில்லை. அது பிழையில்லை. பிழையில்லாத சொல்லைப் பிழை என்று எழுதினால்தான் உண்மை வெளியே வரும் என்றால் இது என்ன கணக்கு?

தெல்தோட்டையில் ஒன்றாந் தேதி நர்சரி வேலை தொடங்கும். செவ்வாய்க்கும் அதற்கும் இடையில் மூன்றே நாள்.

எழுதினேன். "தமிழ்ப் பக்கத்தில் உள்ள வசனம் பிழையானது. அதை எழுதியவர் கீழே ஒப்பமிடுபவர். மாணவர்கள் வசனம் சொன்னபடியே செய்துள்ளனர்." சிங்கள எழுத்துப் பிழைகளை அக்குறணைக்காரர் திருத்தித் தந்தார். கையெழுத்து வைக்கும்போது என் ஊருக்கு ஏதோ துரோகம் செய்வது போலிருந்தது. கொடுத்துவிட்டு வந்து தேநீர் குடித்தேன்.

குழு ஏற்றுக்கொண்டது. ஒரு கிழமைக்குள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் பதினொரு பேருக்கும் இடம் என்று முடிவு. அன்றைக்கே திருத்திய வசனத்தையும் ஏற்றினோம். என் ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் விளங்கவில்லை. குழுவின் கடிதம் சிங்களத்தில் வந்தது. "விசேட சலுகையின் அடிப்படையில்" என்று அதில் இருந்தது. அதைத் தமிழாக்கியதும் நான்தான். வந்ததை வந்தபடியே எழுதினேன். கடிதம் போய்ச் சேர்ந்து பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தால் சரி என்ற அவசரத்தில் அதை நான் யோசிக்கவேயில்லை.

விடுதி அறைத் திறப்பு எடுக்கிற நாளில் தெல்தோட்டைப் பிள்ளையும் தாயும் மறுபடி படியேறி வந்தார்கள். இந்த முறை தாய் கதிரையில் இருந்தார். பிள்ளை திறப்பைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். நாலு பேர் தங்குகிற அறை, யன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்திருக்கிறது என்றாள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

"தேங்க்ஸ் மிஸ். சலுகை வாங்கிக் குடுத்ததுக்கு," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சாரி மிஸ். எங்களுக்கு அவ்வளவா தமிழ் வராது. யாழ்ப்பாணத்துப் புள்ளைங்க எல்லாம் சரியா அனுப்பியிருக்காங்கன்னு சொன்னாங்க. இனிமே நல்லா வாசிப்பேன்."

நான் பிழையை ஒப்புக்கொண்டது சிங்களத்தில், மூடிய அறைக்குள், குழுவிடம். இந்தப் பிள்ளைக்குத் தமிழில் போனது இரண்டே கடிதம். ஒன்று உன் விண்ணப்பம் பூரணமற்றது என்றது. மற்றது உனக்குச் சலுகை தருகிறோம் என்றது. இரண்டும் என் கைப்பட்டவை. அவளுக்கு விளங்கியது சரியாகவே விளங்கியிருக்கிறது.

"கொஞ்சம் இரும் பிள்ளை," என்றேன். விடுதிப் பக்கத்தைத் திறந்தேன். திருத்திய வசனத்துக்குக் கீழே ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, அவசரமாகத் தட்டச்சுச் செய்து, பயிற்சியில் சொன்னபடி வெளியாள் ஒருவரிடம் கொடுக்கலாமென்று திரையை அவள் பக்கம் திருப்பினேன். அம்மாவுக்கும் கேட்கிறபடி சத்தமாக வாசி என்றேன்.

வாசித்தாள். "இப்பக்கத்தில் முன்னர் இடம்பெற்றிருந்த ஒரு சொல் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதால் சில விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன."

தாய் மகளைப் பார்த்தார். "அதான் பாரு. நீ பிழையா வெளங்கிக்கிட்ட," என்றார். "நிதானமா வாசி, நிதானமா வாசின்னு அப்பவே சொன்னேன்ல?"

எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவென்று உட்கார்ந்து மறுபடியும் அவள் தலையில்தான் கட்டியிருக்கிறேன்.

"இல்லை அம்மா. அவ பிழையா விளங்கேல்லை," என்றேன். "அவ வாசிச்சது சரி. நான்தான் பிழையா எழுதினனான்."

தாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகவும் இல்லை, நம்பிய மாதிரியும் இல்லை.

"அப்பிடின்னா அத போடுங்களேன் மிஸ்," என்றார்.

அக்குறணைக்காரர் திரும்பிப் பார்த்தார். பல்கலைக்கழகப் பக்கத்தில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரிடம் அனுமதி கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் மறுபடி தன் திரைக்குத் திரும்பினார். நான் வசனத்தை அழித்தேன். "இந்தப் பக்கத்தில் 'வேண்டி' என்ற சொல்லைப் பிழையாக எழுதியது நான். மாணவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள்" என்று எழுதி, இந்த முறை திரையைத் தாயின் பக்கம் திருப்பி வாசிக்கச் சொன்னேன்.